வடிகான் ஓரத்தில் ஒரு சூடைமீன்: திருகோணமலையில் சுற்றாடலுக்காகப் பொதுக்கலை செய்வோருக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, டச்பே கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள ஒரு மதிலில் பூமி உருண்டையையும் அதைத் தாங்கும் இரண்டு கைகளையும் வரைந்தோம். மேலே ‘பூமியைக் காப்போம்’ என்று மும்மொழியிலும் எழுதினோம். வரைந்து முடித்த அன்று மாலையே, கச்சான் வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் அந்த மதிலருகில் நின்று படத்தை ஆறுதலாகப் பார்த்து, “தம்பிமார் வடிவாய்க் கீறியிருக்கிறீங்கள்” என்று பாராட்டினார். பிறகு கையிலிருந்த வெறும் பொலித்தீன் பையைக் காலடியிலிருந்த வடிகானுக்குள் போட்டுவிட்டு நடந்தார். அவரில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையைப் பற்றி எங்கள் படம் அவரிடம் ஒன்றும் பேசியிருக்கவில்லை. அந்த வடிகான் சற்றுத் தூரத்தில் கடலுக்குள் திறக்கிறது என்பதையும் நாங்கள் எங்கும் எழுதியிருக்கவில்லை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அன்று மாலை தொடங்கிய யோசனையின் தொடர்ச்சியே ஆகும்.

எதை வரைவது, எங்கே வரைவது

தூரிகையைக் கையில் எடுப்பதற்கு முன்பு, ஐப்பசியில் மாரி தொடங்கும்போது ஒரு மழை நாளில் குடையுடன் ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். திருகோணமலைப் பட்டினம் ஒரு பக்கம் உள்துறைமுகத்துக்கும் மறுபக்கம் திறந்த கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருப்பதால், இங்கே எந்தத் தெருவில் விழுந்த மழைநீரும் கடலைச் சேர அதிக நேரம் எடுப்பதில்லை. நீர் எந்த வடிகானில் இறங்குகிறது, எந்த மூலையில் குப்பை தங்கி அடைக்கிறது, கடைசியில் எந்த இடத்தில் கடலில் விழுகிறது என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்துக்குரிய இடம் பெரும்பாலும் அந்தக் கொப்பிக்குள் கிடைத்துவிடும்.

இடம் கிடைத்ததும், அந்த இடத்தில் நிற்கும் மனிதரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சந்தைக்கு வெளியே நிற்பவரின் கையில் மீன் கட்டிய பை இருக்கும். கோட்டை வாசலில் இறங்கும் சுற்றுலாப் பயணியின் கையில் சோற்றுப் பார்சல் இருக்கும். மீன்வாடியில் இருப்பவரின் மடியில் கிழிந்த தங்கூசி வலை இருக்கும். படம் பேச வேண்டிய பொருள் அந்தக் கையிலுள்ள பொருளே. கடல் முழுவதையும், காலநிலை மாற்றம் முழுவதையும், காடழிப்பையும் ஒரே மதிலில் ஏற்ற முயலும் படங்கள் எங்கள் நாட்டில் நிறையவே உண்டு. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் படம் வரையத் தொடங்கியபோது அவர்களிடமிருந்த உற்சாகத்தை நான் இன்றும் மதிக்கிறேன். ஆயினும் எந்த ஊரில் வரைந்தாலும் பொருந்தக்கூடிய படம் எந்த ஊரையும் தொடுவதில்லை என்பதே என் கருத்து.

கோட்டைப் பகுதியின் புள்ளிமான்களை எடுத்துக்கொள்வோம். கோணேசர் கோயிலுக்குப் போகும் அனைவரும் அவற்றைக் கடந்தே போகிறார்கள், பலர் உணவும் கொடுக்கிறார்கள். சோறும் கறியும் ஊறிய பொலித்தீனில் உப்பும் எண்ணெயும் மணப்பதால் மான் அதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் தங்கும் பொலித்தீன் உக்குவதும் இல்லை, எளிதில் வெளியேறுவதும் இல்லை. வயிறு நிறைந்திருக்கும் உணர்வோடு விலங்கு இரை எடுக்காமல் மெலிகிறது. ‘லஞ்ச் சீற்’ எனப்படும் பொலித்தீன் தாள் 2017 செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட பின்பும் இதைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது வேறு கதை. இந்தப் பொருளுக்கு அழகான மான் ஓவியம் உதவாது, ஏனெனில் உயிருள்ள மானே பக்கத்தில் நிற்கிறது. மானின் உடலைக் கோட்டுருவாக வரைந்து, வயிற்றுப் பகுதியை மட்டும் திறந்து காட்டி, அதற்குள் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் உண்மையான பொலித்தீன் பைகளை அடைத்து வைத்தால், பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கும் கை ஒரு கணமாவது நிற்கும்.

கிண்ணியாப் பக்கம் போனால் பொருள் மாறுகிறது. அங்கே கண்டல் வேர்களுக்கிடையில் இறால் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளும் வளர்வதை மீனவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வீதியில் போகும் மற்றவர்களுக்கே சொல்ல வேண்டும். ஆனால் வீதியில் போகிறவரிடம் நேரம் இல்லை. 2009இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தை நோக்கி மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் பன்னிரண்டரை மீற்றரைக் கடந்துவிடும். 60 மீற்றர் தொலைவில் கண்ணில் படும் படத்துக்கு ஐந்து விநாடி கூடக் கிடையாது. அங்கே ஒரே உருவமும் மூன்று சொற்களுமே தாங்கும். பேருந்துத் தரிப்பிடத்திலோ, வைத்தியசாலை மதிலிலோ, மக்கள் காத்திருக்கும் வேறு இடங்களிலோ கதை சொல்லும் படம் எடுபடும். பத்து நிமிடம் நிற்பவர் பத்து நிமிடமும் பார்ப்பார்.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சலிப்பான வேலையானாலும் தவிர்க்க முடியாதது. தனியார் மதிலென்றால் உரிமையாளரின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் வேண்டும். வாய்ச் சம்மதம் மதிலை விற்கும்போது மறந்துபோகும். உள்ளூராட்சி சபையின் மதில், வடிகான் ஆகியவற்றுக்குச் சபைச் செயலாளருக்கும், பிரதான வீதிகளின் ஓரத்துக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், பாடசாலைக்கு அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். கடற்கரையில் நிலையாக ஏதேனும் நாட்டுவதாயின், 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. கோட்டைச் சுவர்களில் ஆணி கூட அடிக்கக் கூடாது. அவை தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. மேலே சொன்ன மான் படத்தையும் கால் பொருத்திய பலகையில் செய்து, உரியவர்களின் அனுமதியுடன் கோட்டைக்கு வெளியே, வாகனங்கள் நிறுத்துமிடத்தில் வைக்கலாம். நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால், அங்கே எதையும் வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். வெளிநாடுகளில் கடலடியில் சிற்பம் இறக்குவதைப் பார்த்துவிட்டு, ‘நாமும் சீமெந்துச் சிலை செய்து பவளப்பாறைக்குப் பக்கத்தில் இறக்கலாமே’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தச் சிற்பங்கள் நீரின் காரத்தன்மையைப் பாதிக்காத விசேட சீமெந்தால் செய்யப்பட்டு, உயிருள்ள பாறையிலிருந்து விலகிய மணற்பகுதிகளில் அமைக்கப்படுகின்றன. சாதாரணச் சீமெந்துக் கலவை அந்த வேலைக்கு உதவாது.

இன்னொரு விடயம் சட்டத்தில் இல்லாதது. எங்கள் ஊரில் ஒரு நிறமும் ஒரு சின்னமும் வரைந்தவர் நினைக்காத பொருளைத் தந்துவிடும். ஆகவே முதல் மாதிரியை அந்தத் தெருவின் தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகளில் காட்டி, அவர்கள் என்ன காண்கிறார்கள் என்று கேளுங்கள். விளக்கம் சொல்லாமல் காட்டுங்கள். மீனும் மரமும் ஆமையும் அனேகமாக எல்லா வீட்டையும் கடந்துவிடும்.

சுவரை அறிதல்

எங்கள் இரண்டாவது மதில் ஓவியம் புரட்டாதி மாதத்தில் முடிந்தது. கார்த்திகையில் ஆமையின் முதுகில் கொப்புளங்கள் எழுந்தன. மார்கழியில் அவை உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. பெயின்ற் கடையில் எங்களுக்குத் தரமான பொருளையே தந்திருந்தார்கள். பிழை சுவரை நாங்கள் சோதிக்காததில் இருந்தது.

கடலோர நகரின் சுவருக்குள் ஈரமும் உப்பும் இருந்துகொண்டே இருக்கும். கடற்காற்று வெளியிலிருந்து உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது; அத்திவாரத்தின் ஈரம் உள்ளிருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு பளிங்காகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. சோதனை எளியது. ஓரடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை. நிலமட்டத்தில் ஒன்றும், இடுப்பளவில் ஒன்றும், தலைக்கு மேலே ஒன்றுமாக மூன்று இடங்களில் ஒட்டினால், ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதும் தெரியும். கீழ் இரண்டடி எப்போதும் ஈரமாக இருக்கும் மதிலில், அந்த இரண்டடியைப் படமின்றி விட்டுவிடுவதே புத்தி. அல்லது சுவர் மூச்சுவிடக்கூடிய சுண்ணாம்புப் பூச்சை அந்தப் பட்டைக்கு மட்டும் அடிக்கலாம். புதிதாகச் சீமெந்து பூசிய சுவராயின் குறைந்தது 28 நாள் ஆறவிட வேண்டும்.

நல்ல காலம் பங்குனி தொடங்கிச் சித்திரை வரை. வைகாசியிலிருந்து வீசும் கச்சான் காற்று சுவரைக் காயவைப்பது உண்மையே. ஆனால் அதே காற்று மணலைத் தூக்கி ஈரப் பூச்சில் ஒட்டும், ஏறி நிற்கும் சாரத்தையும் ஆட்டும், நண்பகலில் தூரிகை நுனியிலேயே வர்ணம் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் செய்ய நேர்ந்தால் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்துங்கள். ஆவணிக்குப் பிறகு புது வேலை எதையும் தொடங்க வேண்டாம்.

சுவரைக் கம்பித் தூரிகையால் உரசும்போது கீழே ஒரு தறப்பாளை விரித்து, உதிரும் பழைய பூச்சுத் துகள்களைக் கூட்டி எடுக்க வேண்டும். பின்னர் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒரு முறையும், வெளிச்சுவருக்குரிய நீர்க்கலப்பு வெள்ளை இரண்டு முறையும் பூச வேண்டும். 30 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட மதில் 240 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 22 சதுர மீற்றர். சொரசொரப்பான சுவரில் ஒரு லீற்றர் அடிப்பூச்சு எட்டுச் சதுர மீற்றர் வரை போகும் என்பதால் 3 லீற்றர் போதும். வெள்ளைக்கு 5 லீற்றர் வரை பிடிக்கும். படத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை ஆகிய ஐந்தில் ஒவ்வொரு லீற்றர் வாங்கினால் ஏனைய நிறங்களைக் கலந்துகொள்ளலாம். கடைக்காரர் சொல்லும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். அரைவாசி மிஞ்சிய ரின்கள் ஒரு மூலையில் கிடந்து, பிறகு எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். எனாமல் வர்ணம் மினுங்கும் என்பதற்காக அதைத் தேடிப் போகவும் வேண்டாம். ஈரம் உள்ள சுவரை அது மூடிக் கட்டிவிடும், கழுவ மண்ணெண்ணெயோ தின்னரோ வேண்டும், ஈயம் உள்ளதா என்று ரின்னின் சீட்டையும் பார்க்க வேண்டியிருக்கும்.

படத்தை மாற்றுவதும் எழுத்தும்

சிறு தாளில் உள்ள மாதிரியைச் சுவருக்கு மாற்றக் கட்டம் போடுவதே இன்றும் நம்பகமான வழி. தாளில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓரடிக் கட்டம். நூலில் நீலத் தூளைத் தடவி இரு பக்கமும் இழுத்துச் சுண்டினால் கோடு விழும். கோடுகளைக் கரியால் வரைந்து, ஐம்பது அடி பின்னால் நடந்து பார்த்து, பிழையைத் திருத்திய பிறகே வர்ணத்தைத் தொட வேண்டும். பிள்ளைகளை வரைய அழைப்பவர்களுக்கு ஒரு சொல்: பெரிய உருவத்தின் வெளிக்கோட்டை ஓவியரும், உள்நிறத்தைப் பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டால் இரு பகுதியினருக்கும் நிம்மதி.

எழுத்தைப் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். பத்தடிக்கு ஓர் அங்குல உயரம் என்பது பெயர்ப்பலகை எழுதுபவர்களின் பொதுக் கணக்கு. தமிழில் ‘ணி’, ‘ழி’, ‘றி’ போன்ற எழுத்துகளின் சுழிகள் தூரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், நான் அதில் பாதியையும் கூட்டிக்கொள்வேன். மும்மொழியிலும் எழுதினால் மூன்றையும் அந்தந்த மொழியை வீட்டில் பேசும் ஒருவரிடம் தனித்தனியாகக் காட்டித் திருத்துங்கள். நாங்கள் ஒருமுறை சிங்களச் சொல்லில் ஒரு கொம்பை விட்டுவிட்டு, ஒரு வாரம் ஊரே சிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிதி தந்தவரின் சின்னத்துக்கு வலது கீழ் மூலையில் ஒரு சாண் போதுமானது. அதைவிடப் பெரிதாகக் கேட்டால் அது விளம்பரப் பலகை, அதற்குச் சபைக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று பணிவுடன் சொல்லிவிடலாம்.

வடிகான் மீன்

சிறு குழுவுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது மதிலை அன்று, வடிகானையே. செலவு குறைவு, ஒரு காலைப்பொழுதில் முடியும், பொலித்தீனைப் போடும் கைக்கு இரண்டடிக்குள் இருக்கும். வடிகான் மூடியின் ஓரத்திலும் நடைபாதைச் சீமெந்திலும் வடிவத்தை வெட்டியெடுத்த அச்சுத்தகட்டால் ஒரு மீனையும் ஒரு வரியையும் பதிப்பதே வேலை. அச்சுத்தகட்டுக்குத் தேர்தல் முடிந்த பின்பு கிடைக்கும் தடித்த பதாகைகளைவிடச் சிறந்த பொருளை நான் இதுவரை காணவில்லை. அவை கிழியாது, கழுவலாம், சுருட்டி வைக்கலாம், இலவசமாகவும் கிடைக்கும். வேட்பாளர் முகம் தரைப்பக்கமாக இருக்கும்படி விரித்து வெட்டினால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

எந்த மீன்? முதலில் நாங்கள் திமிங்கிலம் வரைய நினைத்தோம். திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம் வருவது உண்மை; அதைப் பார்க்க வெளிநாட்டினர் படகேறுகிறார்கள். ஆயினும் சந்தைக்கு வரும் ஓர் அம்மாவுக்குத் திமிங்கிலம் தொலைக்காட்சியில் தெரிந்த விலங்கு. சூடை அப்படியல்ல, அவர் கையிலுள்ள பைக்குள்ளேயே சூடை இருக்கிறது. அதனால் சூடையை வரைந்தோம்: ஒரு சாண் நீளம், நீல முதுகு, வெள்ளி வயிறு, வயிற்றுக்குள் ஒரு சிறிய சிவப்புப் பொலித்தீன் முடிச்சு. கீழே ‘இந்த வடிகான் கடலில் திறக்கிறது’ என்ற வரி. உத்தரவும் இல்லை, மன்றாட்டமும் இல்லை, ஒரு தகவல் மட்டுமே. ‘குப்பை போடாதீர்’ என்ற வரியை எங்கள் மக்கள் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துவிட்டார்கள்.

இதிலும் ஒரு தவறு நேர்ந்தது. முதலாவது வடிகானில், அழகுக்காக, நீர் இறங்கும் துவாரத்தையே மீனின் திறந்த வாயாக வரைந்திருந்தோம். இரண்டு நாளில் பாடசாலைப் பிள்ளைகள் அந்த வாய்க்குள் ரொபித் தாளையும் யோகட் கோப்பையையும் மிகுந்த அன்புடன் ஊட்டத் தொடங்கிவிட்டார்கள். திறந்த வாயைக் கண்டால் பிள்ளைக்கு ஊட்டத்தான் தோன்றும். எனவே மீனின் தலை துவாரத்தை விட்டு விலகி, கடல் இருக்கும் திசையை நோக்கியிருக்க வேண்டும். அது நீருடன் சேர்ந்து போய்க்கொண்டிருப்பதைப் போலத் தோன்ற வேண்டும்.

பதிக்கும் முறை: சீமெந்தைக் கம்பித் தூரிகையால் உரசி, கூட்டி, காயவிடுங்கள். தகட்டை நான்கு மூலையிலும் கல் வைத்து அழுத்துங்கள். வர்ணத்தைத் தண்ணீர் சேர்க்காமல், தூரிகை நுனியில் கொஞ்சமாகத் தொட்டு, செங்குத்தாகக் குத்திக் குத்திப் பதியுங்கள். இழுத்தால் தகட்டுக்கு அடியில் ஒழுகும். ஒரு நிறம் காய்ந்த பின்பே அடுத்த தகடு. தெளிப்பான் புட்டி வேகமாக வேலையை முடிக்கும், ஆனால் வர்ணத்தில் பாதி காற்றோடு வடிகானுக்குள்ளேயே போய்விடும்.

கழுவும் வாளி

நாம் நீர்க்கலப்பு வர்ணம் என்று நிம்மதியாகப் பூசுவது, நீரில் மிதக்கவிடப்பட்ட பிளாஸ்டிக் துகள்களே; காய்ந்ததும் அவை ஒன்றாகிப் படலமாகின்றன. அந்தத் தூரிகையை வடிகான் ஓரத்திலுள்ள குழாயில் கழுவினால், கடலைக் காப்பாற்றும் படத்துக்காக நாமே கடலுக்குள் பிளாஸ்டிக்கை அனுப்புகிறோம். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, மேற்குக் கரையில் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கியதைப் பார்த்துப் பதறிய நாங்கள், அதற்கு முந்தைய ஆண்டு எத்தனை தூரிகைகளை எங்கே கழுவினோம் என்று பிறகே எண்ணிப்பார்த்தோம்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். வேலை முடிந்ததும் தூரிகையையும் றோலரையும் பழைய பத்திரிகைத் தாளில் நன்றாகத் துடைக்கிறோம்; வர்ணத்தின் பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிடும். பிறகு முதல் வாளியில் ஒரு கழுவல், இரண்டாவது வாளியில் ஒரு கழுவல். அன்றிரவு முதல் வாளியில் தூளாக்கிய படிகாரத்தைக் கொஞ்சம் போட்டுக் கலக்கிவிட்டால், காலையில் வர்ணம் திரண்டு அடியில் படிந்திருக்கும். மேலே தெளிந்த நீரைத் துணியில் வடித்து அடுத்த நாள் கழுவலுக்கே பயன்படுத்துகிறோம். கடைசி நாளில் எஞ்சுவதைக் கிணற்றுக்கும் வடிகானுக்கும் தூரமான இடத்தில், அகன்ற தட்டில் வெயிலில் வைத்துவிடுகிறோம். இரண்டு மூன்று நாளில் தடித்த அப்பளம் போல ஒரு தகடு மிஞ்சும். அது காய்ந்த குப்பையோடு சபையின் வண்டிக்குப் போகும்.

கழிவால் செய்யும் சிற்பம்

கம்பி வலையால் பெரிய மீன் செய்து அதன் வயிற்றில் பிளாஸ்டிக் போத்தல்களைப் போடவைக்கும் முறை பல நாடுகளின் கடற்கரைகளில் உண்டு. இங்கே வாய் திறந்திருக்கலாம், ஊட்டுவதே நோக்கம். 8 அடி நீளம், 4 அடி உயரம், 2 அடி அகலம் கொண்ட மீனுக்குள் அரை லீற்றர் போத்தல்கள் ஏறக்குறைய எண்ணூறு கொள்ளும், அவ்வளவுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் நிறையும் நாட்களில் அது நிரம்ப அதிக நாள் எடுக்காது. நிரம்பிய மீனைச் சுற்றி மக்கள் போத்தல்களை நிலத்தில் அடுக்குவார்கள், காற்று அவற்றை உருட்டிச் செல்லும், நீங்கள் கடலுக்குப் பக்கத்தில் ஒரு குப்பைமேட்டைத் திறந்து வைத்தவராவீர்கள். ஆகவே கம்பி வளைப்பதற்கு முன்பு, எந்தக் கிழமை யார் வந்து வெறுமையாக்குவார், எந்தச் சேகரிப்பாளர் போத்தலை எடுப்பார் என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வாலில் பூட்டுடன் ஒரு கதவு, அடியில் நாய் புகாதபடி நிலத்திலிருந்து ஓரடி உயரம், வெட்டிய கம்பி முனைகள் உள்நோக்கி மடக்கப்பட்டிருத்தல் ஆகியவை அவசியம். இரவில் மின்குமிழ் போட்டு அலங்கரிக்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று எண்ணித் தரைப்பக்கம் ஊர்ந்துவிடும்.

போத்தல் மூடிகளாலும் பொலித்தீனாலும் செய்யும் நிலையான சிற்பங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. எங்கள் வெயிலில் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கத் தொடங்கி, பொறுக்க முடியாத துகளாக மணலில் கலக்கிறது. செய்வதென்றால் மாரிக்கு முன் கழற்றும் திகதியைத் தொடக்கத்திலேயே பலகையில் எழுதி வையுங்கள். கைவிடப்பட்ட தங்கூசி வலையை மட்டும் நான் விதிவிலக்காகச் சொல்வேன். கடலில் கிடந்தால் யாருமில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த வலையை மீனவர்களே கொண்டுவந்து தருவார்கள்; அதை வாடியின் நிழலில் ஆமை வடிவச் சட்டத்தில் இழுத்துக் கட்டும் கையும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். அவர்களின் முடிச்சுகள் நம்முடையவற்றைவிட அழகு, உறுதியும் கூட.

மிச்சம் வைக்காத கலை

கோலத்தைப் பற்றி ஒரு பத்தி. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வாசல்தோறும் நிறைகுடமும் கோலமும் வைக்கும் ஊர் இது. அரிசிமாவில் போட்ட கோலத்தை எறும்பு தின்றுவிடும், கழுவ வாளியும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். ஒரு தெருவின் பெண்கள் சேர்ந்து, தங்கள் வீதி வடிகான் கடலைச் சேரும் வழியைப் புள்ளிக்கோலமாக வாசலிலிருந்து கரை வரை இழுத்தால், அதற்கு ஈடான மதில் ஓவியத்தை என்னால் வரைய முடியாது. ஐஸ்லாந்துப் பின்னணி கொண்ட கலைஞர் ஓலாஃபர் எலியாசன் 2015இல் பாரிசில் கிரீன்லாந்துப் பனிக்கட்டிகள் பன்னிரண்டைச் சதுக்கத்தில் வைத்து உருகவிட்டபோதும் இப்படியான ஒன்றையே செய்தார்: பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போகும் படைப்பு. கப்பலில் பனிக்கட்டி வரவழைக்க எரித்த எண்ணெயைப் பற்றி அப்போது கேள்வி எழுந்தது. கோலத்துக்கு அந்தக் கேள்வியும் இல்லை.

இதற்கு நேரெதிர் முனையில், நாள் செல்லச் செல்ல வளரும் கலையும் உண்டு. ஜெர்மனியின் காசல் நகரில் ஜோசப் பாய்ஸ் 1982இல் தொடங்கிய படைப்பில் ஓக் உட்பட 7000 மரங்கள் நடப்பட்டன, ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் ஒரு கருங்கல் தூண். 1987இல் கடைசி மரம் நடப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. கல் அப்படியே நிற்க மரம் அதை மீறி உயர்கிறது. நம் ஊரில் உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசு அந்த வேலையைச் செய்யும். ஒரு மதில் ஓவியத்தின் முன்னால் இரண்டு பூவரசங் கதியால்களை நட்டு, முதல் இரண்டு கச்சான் காற்றுக் காலங்களில் தண்ணீர் ஊற்றப் பக்கத்துக் கடைக்காரரின் சம்மதத்தைப் பெற்றுவிட்டால், படம் மங்கும் காலத்தில் நிழல் வந்திருக்கும்.

எண்ணிப் பார்த்தல்

திறப்பு விழாப் படங்கள் உங்கள் வேலை பலித்ததா என்பதைச் சொல்லாது. வரைவதற்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரே நேரத்தில், வடிகானின் இரு பக்கமும் ஐம்பது காலடி தூரத்துக்குள் கிடக்கும் பைகள், போத்தல்கள், லஞ்ச் சீற்றுகள் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். வரைந்த பின்பும் மூன்று ஞாயிறு. ஆறு மாதம் கழித்து மீண்டும் மூன்று. படம் இல்லாத இன்னொரு வடிகானையும் அதே நாட்களில் எண்ணினால்தான் மழையாலும் திருவிழாவாலும் வரும் வேறுபாட்டைப் பிரித்தறியலாம். எண்ணிக்கை குறையவில்லை என்றால் படத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி இல்லாததே காரணமாக இருக்கும். அப்போது தூரிகையை வைத்துவிட்டுச் சபைக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியதுதான்.

தை பிறந்து மாரி ஓய்ந்ததும் எல்லா வடிகான்களையும் ஒரு சுற்றுப் பார்க்கிறோம். சூடைகளின் முதுகு அனேகமாகத் தேய்ந்திருக்கும். கால்கள் அதிகம் படும் இடத்தில் வால் முற்றாகவே இராது. அச்சுத்தகடுகள் என் வீட்டு விறாந்தையில் ஓர் ஆணியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் பின்புறமும் எந்தத் தெரு, எந்த வடிகான், கடைசியாக எந்த மாதம் பதித்தது என்பவை பென்சிலில் எழுதப்பட்டுள்ளன. புதிதாகத் தொடங்குபவர்கள் வந்து கேட்டால் மீனை மட்டும் இரவல் கொடுப்பேன், வரியை அவர்களே அவர்களின் தெருவுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ள வேண்டும்.